ஷேர்டு பஃபர்ஸுக்கு 12 ஜிபி கொடுத்தால் என்ன?

கேள்வி: கொருக்குப்பேட்டை வாசகர், 19 ஏப்ரல் 2025

ஐயா, எங்கள் கடைக் கணக்கு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, 16 ஜிபி நினைவகத்தில் 12 ஜிபியை அதன் இன்னோடிபி எஞ்சினின் பஃபர் பூலுக்கே, அதாவது படித்த தரவை நினைவகத்தில் பிடித்து வைக்கும் கேஷுக்கே கொடுத்திருந்தோம். இப்போது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 16ஆம் பதிப்புக்கு மாறிவிட்டோம். அதன் சொந்தக் கேஷான ஷேர்டு பஃபர்ஸுக்குக் கால் பங்கு, அதாவது 4 ஜிபி போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மிச்சம் 12 ஜிபியைச் சும்மா வைத்திருக்கவா காசு கொடுத்து வாங்கினோம்? நான் 12 ஜிபி கொடுக்கப் போகிறேன். அது தவறென்றால் யாராவது அளந்து காட்டட்டும்.

19 ஏப்ரல் 2025, இரவு

மிச்சமுள்ள நினைவகம் சும்மா இருப்பதில்லை, தம்பி. போஸ்ட்கிரெஸ் தன் கோப்புகளை இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் வைத்திருக்கும் பேஜ் கேஷ் வழியாகவே படிக்கிறது. ஷேர்டு பஃபர்ஸில் இல்லாத 8 கேபி பக்கம் ஒன்று தேவைப்படும்போது, அது பெரும்பாலும் கர்னல் ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கும் நினைவகத்திலிருந்தே வந்துவிடும். வட்டு வரை போக வேண்டியதில்லை. இன்னோடிபியை லினக்ஸில் பெரும்பாலும் ஓ-டைரக்ட் முறையில் அமைப்பார்கள். அது கர்னல் கேஷைத் தவிர்த்துவிடுவதால், பஃபர் பூலுக்கு எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவுதான் கேஷ். அங்கே நீங்கள் 12 ஜிபி கொடுத்தது சரியே. அதே எண்ணை இங்கே கொண்டுவந்தால், ஒரே கூடை மீனுக்கு இரண்டு பெட்டி ஐஸ் போட்டதுபோல, ஒரே பக்கம் ஷேர்டு பஃபர்ஸிலும் கர்னலிலும் இரண்டு முறை இடம் பிடிக்கும். போஸ்ட்கிரெஸ் ஆவணமும் தொடங்குவதற்கு 25% என்றும், 40%க்கு மேல் கொடுத்தால் கூடுதல் பயன் கிடைப்பது அரிது என்றும்தான் சொல்கிறது.

அளந்து காட்டச் சொன்னது நியாயமான கோரிக்கை. காசிமேட்டு மீன் ஏலக் கணக்குகளை வைத்திருக்கும் சர்வர் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. அதுவும் 16 ஜிபி, எஸ்எஸ்டி, போஸ்ட்கிரெஸ் 16. தரவுத்தளம் ஏறத்தாழ 6 ஜிபி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், ஃபைபர் படகுகளின் சில்லறைக் கணக்கு மட்டுமே இப்போது உள்ளே வருகிறது. மறுதொடக்கம் செய்தால் திட்டுவதற்கு ஆள் இல்லாத காலம் ஆண்டில் இது ஒன்றுதான்.

20 ஏப்ரல் 2025

மறந்துபோன ஒன்று. எஃபெக்டிவ் கேஷ் சைஸ் என்னும் அமைப்பு ஒரு பைட் நினைவகத்தையும் எடுத்துக்கொள்வதில்லை. ஷேர்டு பஃபர்ஸும் கர்னல் கேஷும் சேர்ந்து எவ்வளவு இருக்கும் என்று, வினவலை எந்த வழியில் ஓட்டுவது என முடிவு செய்யும் போஸ்ட்கிரெஸின் பிளானர் பகுதிக்குச் சொல்லும் குறிப்பு அது. இண்டெக்ஸ் வழியாகப் போவது மலிவா, அட்டவணை முழுவதையும் படிப்பது மலிவா என்று கணக்கிட மட்டுமே அது பயன்படுகிறது. இயல்பு அளவு 4 ஜிபி. 16 ஜிபி சர்வரில் 11 அல்லது 12 என்று வைக்கலாம். தம்பி தேடும் 12 இங்கேதான் பொருந்துகிறது.

24 ஏப்ரல் 2025

போஸ்ட்கிரெஸோடு வரும் வேகச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்சை வைத்துத் தொடங்கினேன். அதன் எண்களைப் பார்த்து மயங்குமுன் அது என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேல் என்பது சோதனைத் தரவின் அளவு. ஸ்கேல் 1 என்றால் கணக்கு அட்டவணையில் 1,00,000 பதிவுகள். ஸ்கேல் 100 என்றால் ஒரு கோடி, ஏறத்தாழ 1.5 ஜிபி. ஸ்கேல் 100ஐ வைத்துக்கொண்டு ஷேர்டு பஃபர்ஸை 4 ஜிபியிலிருந்து 12 ஜிபிக்கு உயர்த்தி அளந்தால், இரண்டிலும் தரவு முழுவதும் உள்ளேயே அடங்கிவிடுவதால் எதையும் அளந்ததாகாது. ஸ்கேல் 2000 வைத்தால் 30 ஜிபி ஆகிவிடும். அப்போது நாம் அளப்பது எஸ்எஸ்டியை. நம் தரவின் அளவுக்கு ஈடான ஸ்கேல், என் நிலையில் 400, வைத்தால்தான் பேச்சு பொருள்படும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இயல்பான சோதனையில் ஒவ்வொரு பரிவர்த்தனையும் கிளை அட்டவணையின் ஒரு பதிவைப் புதுப்பிக்கிறது. அந்த அட்டவணையில் இருப்பதோ ஸ்கேல் எண்ணிக்கையளவு பதிவுகள் மட்டுமே. ஸ்கேல் 10 வைத்து 40 இணைப்புகளை ஓட்டினால், நாற்பதும் பத்துப் பதிவுகளுக்கு வரிசையில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நினைவகம் போதவில்லை என்று முடிவு கட்டுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

25 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும். தரவின் அளவு ஒத்துப்போனாலும், தொடும் விதம் ஒத்துப்போக வேண்டும். பிஜிபெஞ்ச் நான்கு கோடிப் பதிவுகளில் எதையும் சமவாய்ப்பில் தொடுகிறது. ஏலக் கணக்கில் அப்படி நடப்பதில்லை. இன்று கரைக்கு வந்த படகின் பதிவு நாள் முழுவதும் தொடப்படும், சென்ற மாதத்தது எப்போதாவது, மூன்று ஆண்டுகளுக்கு முந்தையது வழக்கு வந்தால்தான். ஆகவே ராண்டம் ஜிப்ஃபியன் என்னும் செயல்பாட்டைப் பயன்படுத்திச் சொந்த ஸ்கிரிப்ட் எழுதினேன். பதிப்பு 11 முதல் அது கிடைக்கிறது. அது சிறிய எண்களையே அதிகம் தேர்ந்தெடுக்கும் என்பதால், பெரிய எண்ணிலிருந்து அதைக் கழித்தால்தான் புதிய பதிவுகள் சூடாக இருக்கும். இந்த மாற்றத்தைச் செய்த உடனேயே 2 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் இடையில் தெரிந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. சூடான பகுதி 2 ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது, அவ்வளவே.

27 ஏப்ரல் 2025

பெரம்பூர்ச் சகோதரி கேட்டிருக்கிறார்: ஒவ்வொரு சோதனைக்கும் முன் போஸ்ட்கிரெஸை மறுதொடக்கம் செய்தால் கேஷ் காலியாகிவிடும் அல்லவா?

பாதி மட்டும் காலியாகும். ஷேர்டு பஃபர்ஸ் வெறுமையாகும். கர்னல் கேஷ் அப்படியே இருக்கும். உண்மையிலேயே குளிர்ந்த நிலையிலிருந்து அளக்க வேண்டுமானால், போஸ்ட்கிரெஸை நிறுத்திவிட்டு, வட்டில் எழுதாமல் நிற்பதை எழுதவைக்கச் சிங்க் கட்டளை கொடுத்து, பிறகு கர்னல் கேஷைக் காலியாக்க டிராப் கேஷஸ் கோப்பில் 3 என்று எழுத வேண்டும். வினவல் ஓடிய விதத்தைக் காட்டும் எக்ஸ்ப்ளெயின் அனலைஸில் பஃபர்ஸ் தெரிவைச் சேர்க்கும்போது வரும் ரீட் எண்ணிக்கையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். ரீட் என்றால் ஷேர்டு பஃபர்ஸில் கிடைக்கவில்லை என்று மட்டுமே பொருள். அந்தப் பக்கம் வட்டிலிருந்து வந்ததா, கர்னலிலிருந்து வந்ததா என்று போஸ்ட்கிரெஸுக்கே தெரியாது. படிக்க ஆகும் நேரத்தைக் குறிக்கும் டிராக் ஐஓ டைமிங்கை இயக்கி வைத்தால் ஆன நேரத்தைக் கொண்டு ஊகிக்கலாம்.

எனினும் குளிர்ந்த நிலைச் சோதனை எனக்குப் பெரிதாக உதவவில்லை. என் சர்வர் மாதக்கணக்கில் அணையாமல் ஓடுகிறது. மின்தடைக்குப் பிறகு வரும் முதல் அரை மணி நேரம் கவலையளித்தால், அதற்குப் பிஜி ப்ரீவார்ம் இருக்கிறது. பதிப்பு 11 முதல், பஃபர்ஸில் எந்தெந்தப் பக்கங்கள் இருந்தன என்று அவ்வப்போது குறித்து வைத்து, மீண்டும் தொடங்கும்போது அதுவே ஏற்றிவிடும்.

6 மே 2025

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு எண்கள் பித்துப்பிடித்தவைபோல் ஆடுகின்றன. விடியற்காலையில் ஓட்டிய சோதனைக்கும் பிற்பகலில் ஓட்டிய அதே சோதனைக்கும் இடையிலான வேறுபாடு, ஷேர்டு பஃபர்ஸை மாற்றுவதால் வரும் வேறுபாட்டைவிடப் பெரிதாக இருந்தது. சர்வர் இருக்கும் ராயபுரம் அறையில் ஏசி பேருக்குத்தான் ஓடுகிறது. சூடேறிய சிபியூ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. சோதனை ஓடும்போது சிபியூ அதிர்வெண்ணையும் பக்கத்தில் பதிவு செய்யத் தொடங்கிய பிறகே இது புலப்பட்டது.

இதிலிருந்து ஒரு நடைமுறையை வைத்துக்கொண்டேன். முதலில், எதையும் மாற்றாமல் ஒரே அமைப்பைப் பலமுறை ஓட்டி, எண்கள் தாமாகவே எவ்வளவு ஆடுகின்றன என்று பார்த்துக்கொள்கிறேன். அந்த ஆட்டத்துக்குள் அடங்கும் எந்த முன்னேற்றத்தையும் முன்னேற்றம் என்று நம்புவதில்லை. அமைப்புகளை அ, ஆ என்று மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். காலையெல்லாம் அ, மாலையெல்லாம் ஆ என்று ஓட்டினால் வெயில்தான் வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கும்.

8 மே 2025

மணலி நண்பர், கண்டெய்னர் யார்டு ஒன்றின் சர்வரில் ஷேர்டு பஃபர்ஸை 1, 4, 8 ஜிபி என்று வைத்துப் பார்த்ததாகவும், மூன்றிலும் எண்கள் அச்சடித்ததுபோல் ஒன்றாகவே வந்ததாகவும் எழுதியிருக்கிறார். ரீலோடு (ஓடும்போதே அமைப்புக் கோப்பை மீண்டும் படிக்கச் சொல்வது) மட்டும் செய்தீர்களா, ரீஸ்டார்ட் செய்தீர்களா? ஷேர்டு பஃபர்ஸ் மறுதொடக்கம் இல்லாமல் மாறாது. அமைப்புகளைக் காட்டும் பிஜி செட்டிங்ஸ் பார்வையில் பெண்டிங் ரீஸ்டார்ட் என்னும் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே ஆம் என்று இருந்தால், நீங்கள் 128 எம்பி என்னும் இயல்பு அளவை மூன்று முறை மிகக் கவனமாக அளந்திருக்கிறீர்கள்.

9 மே 2025

அப்படித்தான் ஆகியிருக்கிறதாம். எண்கள் அவ்வளவு துல்லியமாக ஒத்துப்போனதால், அவருடைய சர்வர் அறையில் ஏசி நன்றாக ஓடுகிறது என்பதையாவது தெரிந்துகொண்டோம்.

15 மே 2025

சோதனையை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்ற கேள்விக்கு: ஒரு நிமிடச் சோதனை பொய் சொல்லும். மாறிய பக்கங்களையெல்லாம் வட்டில் எழுதும் செக்பாயிண்ட் இயல்பாக 5 நிமிடங்களுக்கு ஒரு முறை வருகிறது, அல்லது ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே குறித்து வைக்கும் வால் (WAL) கோப்புகள் 1 ஜிபி என்னும் எல்லையை நெருங்கும்போது வருகிறது. செக்பாயிண்ட் வந்த பிறகு ஒவ்வொரு பக்கமும் முதல்முறை மாறும்போது, முழுப் பக்கமும் வாலில் எழுதப்படுகிறது. இந்தச் சுமை ஒரு நிமிடச் சோதனையில் தலைகாட்டாமலே போகலாம். நான் ஒவ்வொன்றையும் அரை மணி நேரம் ஓட்டுகிறேன். ப்ரோக்ரெஸ் தெரிவைச் சேர்த்து, சில நொடிகளுக்கு ஒரு முறை வரும் எண்களையும் பார்க்கிறேன். இறுதியில் வரும் சராசரி அழகாக இருக்கும். நடுவில் விழுந்த பள்ளத்தை அது காட்டாது.

23 மே 2025

ஷேர்டு பஃபர்ஸ் பற்றி இதுவரை கண்டது. 128 எம்பியிலிருந்து 1 ஜிபிக்குப் போனபோது ஐயத்துக்கு இடமில்லாத முன்னேற்றம். 1 ஜிபியிலிருந்து 2 ஜிபிக்குச் சிறிது. 2லிருந்து 4 வரை, எண்களின் இயல்பான ஆட்டத்துக்குள் அடங்கும் அளவே. 12 ஜிபியில் வெறும் படிப்பு வினவல்கள் 4 ஜிபியில் ஓடியதுபோலவே ஓடின. ஆனால் பக்கத்தில் காப்புப் பிரதி எடுக்கும் பிஜி டம்ப் ஓடத் தொடங்கியதும், கர்னலுக்கு மிஞ்சியிருந்த கொஞ்ச நினைவகத்தில் தற்காலிகக் கோப்புகளும் டம்ப் எழுதும் கோப்பும் ஒன்றையொன்று வெளியே தள்ளி, எல்லாமே தள்ளாடின. தம்பியின் 12 ஜிபிக்கு என் பதில் இதுதான்: தனியாக ஓடும்போது கெடுதல் தெரியாது, கூட்டத்தில் தெரியும்.

25 மே 2025

மேலே எழுதியதில் ஒரு வரம்பு தேவை. அது படிப்பு மிகுந்த சுமைக்கும், தரவு முழுவதும் நினைவகத்துக்குள் அடங்கும் நிலைக்கும் பொருந்துவது. ஒரே பக்கங்கள் திரும்பத் திரும்ப மாற்றப்படும் சுமையில், பெரிய ஷேர்டு பஃபர்ஸ் உண்மையிலேயே உதவும். மாறிய பக்கம் செக்பாயிண்ட் வரை உள்ளேயே தங்க முடிவதால், இடம் போதாமல் அதை நடுநடுவே வெளியே எழுதும் வேலை குறைகிறது. மணலி நண்பரின் யார்டில், ஒரு கண்டெய்னரின் நிலை உள்ளே வருவதிலிருந்து வெளியேறும் வரை பலமுறை மாறுகிறது. அங்கே 40% வரை போய்ப் பார்ப்பதில் தவறில்லை.

பெரிய அட்டவணையை முழுவதும் படித்தால் அது பஃபர்ஸில் ஏறிவிடும் என்று எண்ணி யாரும் அளக்க வேண்டாம். ஷேர்டு பஃபர்ஸின் கால் பங்கைவிடப் பெரிய அட்டவணையை வரிசையாகப் படிக்கும்போது, போஸ்ட்கிரெஸின் 16ஆம் பதிப்பு 256 கேபி வளையத்துக்குள்ளேயே சுழன்று படித்து முடித்துவிடுகிறது. ஒரு அறிக்கை ஓடியதற்காக மற்றவர்களின் சூடான பக்கங்கள் வெளியேறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பஃபர்ஸில் இருப்பதைக் காட்டும் பிஜி பஃபர்கேஷ் நீட்சியில் பார்த்தால் அந்த அட்டவணை பேருக்குத்தான் தெரியும். பழுது என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

1 ஜூன் 2025

இனி வொர்க் மெம், அதாவது வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கு வினவல் எடுத்துக்கொள்ளும் நினைவகம். ஷேர்டு பஃபர்ஸ் பற்றி இவ்வளவு பேசியதைவிட இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போன பிறகு, மொத்த விற்பனையிலிருந்து டீசல், ஐஸ், அரிசி மளிகைச் செலவுகளைக் கழித்து, மிச்சத்தை உரிமையாளருக்கும் ஆட்களுக்கும் பங்கு பிரிக்க வேண்டும். அந்தப் பங்குக் கணக்கு அறிக்கை பல அட்டவணைகளை இணைத்து, படகுவாரியாகவும் நாள்வாரியாகவும் வரிசைப்படுத்துகிறது. லாக் டெம்ப் ஃபைல்ஸை 0 என்று வைத்து ஓட்டியதும், ஒவ்வொரு முறையும் அது வட்டில் தற்காலிகக் கோப்பு எழுதுவது பதிவேட்டில் வரிசையாக வந்தது. எக்ஸ்ப்ளெயினில் எக்ஸ்டர்னல் மெர்ஜ் (வட்டை வைத்து வரிசைப்படுத்துவது), 40 எம்பி சொச்சம் வட்டில் என்று இருந்தது; வொர்க் மெம் 4 எம்பி என்னும் இயல்பு அளவிலேயே கிடந்தது. வட்டில் 40 எம்பி என்றால் வொர்க் மெம்மை 40 எம்பி ஆக்கினால் போதும் என்று எண்ணக் கூடாது. வட்டில் எழுதும் வடிவம் நெருக்கமானது. நினைவகத்துக்குள் வரிசைப்படுத்த அதைவிடக் கணிசமாக அதிகம் வேண்டும். 128 எம்பி வைத்த பிறகே குவிக்சார்ட் (நினைவகத்துக்குள்ளேயே வரிசைப்படுத்துவது) என்று மாறியது. ஷேர்டு பஃபர்ஸில் செய்த எந்த மாற்றமும் இந்த அறிக்கைக்குக் கொடுக்காத வேகத்தை இந்த ஒரு வரி கொடுத்தது.

ஆனால் அதை எல்லோருக்கும் பொதுவாக அமைப்புக் கோப்பில் எழுதக் கூடாது. வொர்க் மெம் ஒரு சர்வருக்கு இவ்வளவு என்பதன்று, ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்பதுமன்று. ஒரு வினவலில் நடக்கும் ஒவ்வொரு வரிசைப்படுத்தலும், அட்டவணைகளைச் சேர்க்கக் கட்டும் ஒவ்வொரு ஹேஷும் தனித்தனியே அவ்வளவு எடுத்துக்கொள்ளலாம். ஹேஷுக்குப் பதிப்பு 15 முதல் ஹேஷ் மெம் மல்டிப்ளையர் இயல்பாகவே 2 என்பதால், அது இரு மடங்கு எடுக்கும். இணையாக ஓடும் ஒவ்வொரு துணைச் செயலியும் தன் பங்குக்குத் தனியாக எடுக்கும். 40 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று வரிசைப்படுத்தல்கள், தலைக்கு 64 எம்பி என்று வைத்தாலே 7.5 ஜிபி ஆகிவிடுகிறது. ஆகவே ஆல்டர் ரோல் கட்டளையால் கணக்கர் பயனருக்கு மட்டும் 128 எம்பி கொடுத்தேன். பில் போடும் பயனருக்கு 4 எம்பியே தொடர்கிறது. அங்கே கடைசி இருபது பில்களைக் கேட்கும் வினவலுக்கு முதல் சில பதிவுகளை மட்டும் பிடித்து வைக்கும் டாப்-என் ஹீப்சார்ட் போதும். அதற்கு 4 எம்பியே தாராளம்.

2 ஜூன் 2025

நடுவில் பிஜிபவுன்சர் இருந்தால் வொர்க் மெம்மைச் செட் கட்டளையால் உயர்த்துவதில் சிக்கல் உண்டா என்று கேட்ட பெரம்பூர்ச் சகோதரிக்கு: ஆம், இணைப்புகளைப் பலருக்கும் பகிர்ந்துகொடுக்கும் அந்தக் கருவி டிரான்ஸாக்ஷன் முறையில் இருந்தால், வெறும் செட் கட்டளையை நம்ப வேண்டாம். அடுத்த பரிவர்த்தனை வேறொரு இணைப்பில் போய்விடும்; நீங்கள் உயர்த்தி வைத்தது வேறு யாருக்கோ போய்ச் சேரும். பரிவர்த்தனைக்குள் செட் லோக்கல் கொடுங்கள், அல்லது என்னைப்போல் பயனர் அளவிலேயே அமைத்துவிடுங்கள்.

9 ஜூன் 2025

நினைவகம் தீர்ந்தால் என்ன ஆகும் என்று வேண்டுமென்றே பார்த்தேன்; தடைக்காலம் முடிந்தால் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. நினைவகம் தீரும்போது செயலிகளைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர் ஒரு பின்புலச் செயலியைக் கொன்றது. போஸ்ட்கிரெஸ் அத்தோடு விடுவதில்லை. பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கக்கூடும் என்பதால், மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து, மீட்பு நடத்திய பிறகே மீண்டும் எழுகிறது. யாரோ ஒருவர் ஓட்டிய அறிக்கைக்காக ஏலத்தில் நிற்கும் எல்லோருடைய திரையும் உறைந்துபோகும்.

இருப்பதைவிட அதிக நினைவகம் ஒதுக்கலாமா என்று தீர்மானிக்கும் லினக்ஸ் அமைப்பான ஓவர்கமிட் மெமரியை 2 என்று வைத்தால், கேட்ட வினவலுக்கு மட்டும் நினைவகம் போதவில்லை என்ற பிழை வரும், மற்றவை தப்பும். அப்படி வைக்கும்போது ஓவர்கமிட் ரேஷியோவையும் பார்க்க வேண்டும். அது இயல்பாக 50% என்பதால், ஸ்வாப் (நினைவகத்துக்கு மாற்றாக வட்டில் ஒதுக்கும் இடம்) இல்லாத 16 ஜிபி சர்வரில் 8 ஜிபிக்கு மேல் ஒதுக்கவே விடாது. பாதி நினைவகம் இருக்கும்போதே பிழை வருகிறதே என்று திகைக்க நேரும். நான் 80 வைத்திருக்கிறேன்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு செலவு பலர் கண்ணில் படுவதில்லை. 4 ஜிபி ஷேர்டு பஃபர்ஸைக் கர்னலின் 4 கேபி பக்கங்களாக வைத்தால், எந்தப் பக்கம் எங்கே என்று குறிக்கும் பக்க அட்டவணைப் பதிவுகள் 10,48,576; ஒன்றுக்கு 8 பைட் என்று 8 எம்பி. பஃபர்ஸ் முழுவதையும் தொட்டுவிட்ட ஒவ்வொரு செயலியும் இதைத் தனித்தனியே சுமக்கிறது. 40 இணைப்புகளுக்கு 320 எம்பி. 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கங்களான ஹியூஜ் பேஜஸ் வைத்தால் 2,048 பதிவுகளோடு முடிந்துவிடும். எத்தனை வேண்டும் என்பதைப் பதிப்பு 15 முதல் போஸ்ட்கிரெஸே கணக்கிட்டுச் சொல்கிறது. ஹியூஜ் பேஜஸ் அமைப்பை ட்ரை என்று விடாமல் ஆன் என்று வையுங்கள். ட்ரை என்றிருந்தால், கிடைக்காதபோது ஓசையின்றிச் சிறு பக்கங்களுக்கே திரும்பிவிடும்.

22 ஜூன் 2025

15ஆம் தேதி கடலுக்குப் போன விசைப்படகுகள் திரும்பத் தொடங்கிவிட்டன. வஞ்சிரமும் சங்கராவும் கரை நிறைய இறங்குகின்றன. பிஜிபெஞ்சில் பார்க்காததும் கூடவே இறங்கியது. விடியற்காலை ஏலத்தில் பில் போடும் சராசரி நேரம் நன்றாகவே இருந்தது, ஆனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லாத் திரைகளும் ஒரு கணம் நின்று நகர்ந்தன. முதல் ஐயம் நினைவகத்தின் மேல் விழுந்தது. தற்காலிகக் கோப்புகள் இல்லை, ஸ்வாப் இல்லை, ரீட் எண்ணிக்கையும் மிகக் குறைவு. பதிவேட்டைப் பார்த்தபோது, செக்பாயிண்ட் தொடங்கியதற்குக் காரணம் நேரம் என்று இராமல் வால் என்று வரிசையாக இருந்தது. 5 நிமிடம் ஆகும் முன்பே 1 ஜிபி எல்லையை நெருங்கி, செக்பாயிண்ட்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்திருக்கின்றன. அந்த எல்லையான மேக்ஸ் வால் சைஸை 4 ஜிபி ஆக்கிய பிறகு அந்தத் திணறல் போய்விட்டது. இதற்கு மறுதொடக்கமும் தேவையில்லை, ரீலோடு போதும். மணலி நண்பர் கவனிக்கவும்.

ஏலத்தின் வேகத்தைப் பிஜிபெஞ்சின் ரேட் தெரிவு வைத்து முன்பே ஓட்டிப் பார்த்திருந்தால் இது மே மாதத்திலேயே தெரிந்திருக்குமா என்று யோசிக்கிறேன். தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அறிக்கையும் பில்லும் டம்ப்பும் ஒரே நேரத்தில் மோதும் விதத்தை எந்த ஸ்கிரிப்டும் கற்பனை செய்வதில்லை. இப்போது, ஒவ்வொரு வினவலுக்கும் ஆன நேரத்தைத் தொகுக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸில் சராசரியைவிட விலகலையே முதலில் பார்க்கிறேன்.

29 ஜூன் 2025

தம்பி கேட்ட மெயின்டெனன்ஸ் வொர்க் மெம், அதாவது பராமரிப்பு வேலைகளுக்கான நினைவகம் பற்றி. இயல்பு 64 எம்பி. இண்டெக்ஸ் கட்டும்போது 1 ஜிபி கொடுத்தால் வேகம் நன்றாகத் தெரியும். ஆனால் ஆட்டோவேக்கம் வொர்க் மெம் -1 என்று இருந்தால் இறந்த, அதாவது நீக்கப்பட்ட அல்லது பழையதாகிப்போன பதிவுகளைத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்கமும் இதே எண்ணை எடுத்துக்கொள்ளும், அதன் செயலிகளோ இயல்பாக மூன்று. ஆகவே உச்சத்தில் 3 ஜிபி வரை போகலாம். பதிப்பு 16இல் இறந்த பதிவு ஒன்றைக் குறித்துக்கொள்ள 6 பைட் ஆகிறது. 64 எம்பியிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட இறந்த பதிவுகளை ஒரே சுற்றில் முடித்துவிடலாம். சிறு அட்டவணைக்கு அவ்வளவும் ஒதுக்குவதுமில்லை. ஆட்டோவேக்கத்துக்குத் தனியாக 128 எம்பி என்று எழுதிவிட்டு, 1 ஜிபியை இண்டெக்ஸ் கட்டும் அமர்வில் மட்டும் செட் கட்டளையால் கொடுங்கள்.